இறுதி ஆட்டத்தன்று காத்தாயி தூங்கினாள்

1

இந்தக் கதை எனக்கு இரண்டு ஃபிளெக்ஸ் பேனர்களிலிருந்து கிடைத்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பேனர் வடிவமைப்பது என் வேலை. கதை எழுதுவது சாயங்காலம் பெரம்பலூர் திரும்பும் பஸ்ஸில், உட்கார இடம் கிடைத்தால். ஒரு நாள் காலை, தா.பழூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உத்திராபதி என்பவர் வந்து, தன் அக்கா காத்தாயிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டார். மறுநாள் அதே ஊர் இளைஞர்கள் வந்து, தேசிய மகளிர் கால்பந்துக் கோப்பையை வென்ற அணியில் ஆடிய வெற்றிச்செல்விக்கு வாழ்த்து பேனர் கேட்டார்கள். இரண்டு படங்களையும் நான்தான் வெட்டி ஒட்டினேன். இரண்டு முகத்திலும் ஒரே மூக்கு.

"நேத்து செத்துப்போன அம்மாவுக்கு இது சொந்தமாப்பா?"

"பொண்ணுதாண்ணே. நேத்து சாயங்காலம் பைனல்ல கோல் போட்டுச்சு."

"அம்மா செத்தன்னிக்கா?"

"ஆடுறப்ப அதுக்குத் தெரியாதுண்ணே. யாரும் சொல்லல."

(வெற்றிச்செல்வி என்ற பெயரை நான் வைக்கவில்லை. நானாக வைத்திருந்தால் இவ்வளவு கூச்சமில்லாமல் வைத்திருக்க மாட்டேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'மைதானத்தில் இருபத்திரண்டு பேர் நின்றார்கள். அவர்களில் ஒருத்திக்கு மட்டும் அன்று காலை முதல் தாய்—'

விட்டுவிட்டேன். பட விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பதுபோல இருந்தது.

அடுத்தது: 'சாவு வீட்டில் எல்லோரும் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.' இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் அந்த ஊரை நான் கேலி செய்வதாக நீங்கள் நினைப்பீர்கள். அவர்களுக்குத் துக்கம் இல்லாமல் இல்லை.

ஆகவே வெற்றிச்செல்வியின் அக்காவிடமிருந்து தொடங்குகிறேன். கருமாதிப் பத்திரிகை அடிக்க வந்தபோது உத்திராபதி பாதியைச் சொன்னார். மீதியைப் பிறகு அந்த அக்காவே சொன்னாள்.

3

அவள் பெயர் ஜெயசித்ரா. காத்தாயியின் மூத்த மகள். அப்பா இல்லாத வீடு. தங்கை வெற்றிச்செல்வி பள்ளிக்கூடத்திலிருந்தே விளையாட்டு விடுதியில் வளர்ந்தவள். விடுமுறைக்கு வருவாள், போவாள். காத்தாயிக்குக் கல்லீரல் கெட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டபோது, ஜெயசித்ரா புருஷன் வீட்டிலிருந்து வந்து கூடவே இருந்தாள். தங்கை அப்போது பயிற்சி முகாமில் இருந்தாள்.

இறுதி ஆட்டம் வடக்கே ஒரு நகரத்தில், சாயங்காலம். அன்று விடிந்து கொஞ்ச நேரத்தில், வாயில் ஊற்றிய பால் உள்ளே போகாமல் வழிந்தபோது, ஜெயசித்ராவுக்குத் தெரிந்துவிட்டது.

"செல்விக்கு ஒரு போன் போட்டுரு பாப்பா. மத்தியான பிளைட்டு ஏறுனான்னா பொழுது சாய வந்துருவா," என்றார் உத்திராபதி.

"வேணாம் மாமா. ஆட்டம் முடியட்டும்."

"பெத்தவளவிட ஆட்டம் பெருசா?"

"ஐஸ் பெட்டிக்குச் சொல்லுங்க மாமா. நாளைக்கு அவ வந்தப்புறம் எடுத்துக்கலாம்."

ஐஸ் பெட்டி வருவதற்குள் போன் வந்தது. தங்கைதான். பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். ஜெயசித்ரா போனை எடுக்காமலே ஓடி, வயலைத் தாண்டி, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று எடுத்தாள்.

"என்னக்கா, மூச்சு வாங்குது?"

"தண்ணி பாய்ச்ச வந்தேன்."

"அம்மாகிட்ட குடு."

"தூங்குது."

"இந்நேரத்துலயா? ராத்திரி வலி இருந்துச்சா?"

"இல்ல. இப்ப வலி இல்ல."

"எழுந்ததும் சொல்லு, இன்னிக்கு நான் மொதல்லேர்ந்து ஆடறேன். வெளியில உக்கார வச்சுடல. அம்மாவ தூக்கி உக்கார வச்சு போன்ல காட்டு, என்ன?"

"காட்டறேன்."

(இந்த இடத்தில் ஜெயசித்ரா மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்து அழுததாக எழுதியிருந்தேன். பிறகு போனில் கேட்டபோது, "நான் அழுவலண்ணே, போனுல சார்ஜ் இருக்கான்னு பாத்தேன்," என்றாள். திருத்திவிட்டேன்.)

4

ஆட்டத்தைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். கால்பந்து எனக்குத் தெரியாது. வெற்றிச்செல்வி அடித்த கோலை மட்டும் பல முறை பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருக்கலாம், கொஞ்ச நாள் எல்லோர் போனிலும் அது ஓடியது.

சாவு வீட்டுச் சாமியானாவுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலிகளில் இளைஞர்கள் ஒரே போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். சத்தத்தை அணைத்திருந்தார்கள். இரண்டாம் பாதியில் வலது பக்கத்திலிருந்து பந்து வந்தது. வெற்றிச்செல்வி நெஞ்சில் வாங்கி, அது தரையைத் தொடுவதற்குள் அடித்தாள். யாரோ ஒருவன் தன்னை மறந்து "கோல்!" என்று கத்திவிட்டான். சாவு மேளம் நின்றது. அழுகையும் நின்றது. ஐஸ் பெட்டியின் மோட்டார் இரைச்சல் மட்டும் கேட்டது.

போனில் அவள் ஓடினாள். மைதான ஓரத்தில் இருந்த கேமராவுக்கு நேராக ஓடிவந்து, வேர்வை வழியும் முகத்தை ஒட்டவைப்பதுபோல வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். சத்தம் இல்லாவிட்டாலும் உதடு எல்லோருக்கும் புரிந்தது.

"அம்மா, பாத்தியா?"

பிறகு அவள் ஆடினாள். இடுப்பில் கை வைத்து, கழுத்தை வெட்டி, சிரித்துக்கொண்டே ஆடினாள்.

ஜெயசித்ரா அதைப் பெட்டியின் தலைமாட்டில் நின்று பார்த்தாள்.

5

இங்கே நான் சில நாட்கள் எழுதாமல் நிறுத்தினேன். அந்தக் கோலைத் தடுத்துவிட முடியுமா என்று பார்த்தேன். என் கதைதானே. 'பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது' என்று எழுதினால் அவள் ஆடமாட்டாள். தோற்ற சோகத்தோடு வீட்டுக்கு வந்து, அதைவிடப் பெரிய சோகத்தில் விழுவாள். தாங்கிக்கொள்ளக்கூடிய கதை. எழுதியும் பார்த்தேன்: 'பந்து கம்பத்தில் பட்டு—'

முடியவில்லை. அவள் அடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

6

பயிற்சியாளர் மூலமாக அன்று இரவே வெற்றிச்செல்விக்குச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் திருச்சியில் இறங்கி, கார் பிடித்து வந்தாள். அணியின் சட்டையோடே வந்தாள். கண்ணாடி வழியாக அம்மாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"எப்ப?"

"நேத்து காலையில," என்றாள் ஜெயசித்ரா.

"நான் போன் பண்ணப்பவா?"

"அதுக்கு முன்னாடி."

அதற்குப் பிறகு அவள் அக்காவோடு பேசவில்லை. கருமாதி முடிந்தும் பேசவில்லை. இந்திய அணியின் முகாமுக்கு அழைப்பு வந்தது, போகவில்லை. கடைத்தெருவுக்குப் போனால் யாராவது போனை நீட்டுகிறார்கள். "அம்மா பாத்தியான்னு கேட்டியே தாயி, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அவள் வெளியே போவதை நிறுத்திவிட்டாள்.

7

ஜெயசித்ராவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைக் கிளப்பியவர் உத்திராபதி.

"மாசக்கணக்கா பீத்துணி அலசுனவ பெரியவ. ஆனா எங்கக்கா கண்ணு முழிச்சா, 'செல்வி பேசுனாளா, செல்வி சாப்புட்டாளா' அதான். ஒரு நாளும் 'நீ சாப்புட்டியா'ன்னு இவள கேக்கல. நானே பாத்துருக்கேன்."

அதிலிருந்து இந்தக் கதையில் இரண்டு ஜெயசித்ராக்கள். ஒருத்தி, தங்கையின் ஒரே ஒரு பெரிய நாளைக் கெடுக்காமல் காத்தவள். இன்னொருத்தி, கடைசியாக ஒரு பகல் முழுவதும் அம்மாவைத் தனக்கென்று வைத்துக்கொண்டவள். இருவருக்கும் ஒரே வாக்கியங்கள்தான் பொருந்துகின்றன. 'வேணாம் மாமா, ஆட்டம் முடியட்டும்.' இதை யார் சொன்னாலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

8

போன ஞாயிற்றுக்கிழமை எழுதியவரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அவர்கள் வேண்டாம் என்றால் கிழித்துவிடுவதாக இருந்தேன். வாசலில் நாற்காலி போட்டார்கள். ஏழாம் பகுதியை விட்டுவிட்டு மற்றதை ஜெயசித்ராவுக்குப் படித்துக் காட்டினேன்.

படித்து முடித்தபோதுதான் கதவுக்குப் பின்னால் வெற்றிச்செல்வி நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ. முட்டியில் மைதானத்துக் காயம் இன்னும் கருப்பாக இருந்தது.

"இதுல ஒண்ணு இல்லியே சார்," என்றாள் என்னிடம். பிறகு அக்காவைப் பார்த்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"அக்கா, நெசமா சொல்லு. எனக்காகவா சொல்லாம இருந்த? இல்ல அன்னிக்கு ஒரு நாளாச்சும் அம்மா ஒனக்கு மட்டும் இருக்கட்டும்னா?"

ஜெயசித்ரா தலையைக் கவிழ்த்துக்கொள்ளவில்லை. தங்கையைத்தான் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். சொல்லப்போகிறாள் என்பது தெரிந்தது.

நான் எழுந்துவிட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க," என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகவில்லை. அந்தப் பதில் கதையில் ஏறினால் எல்லோர் போனுக்கும் போய்ச் சேரும்; வெற்றிச்செல்வியிடமிருந்து ஏற்கெனவே 'அம்மா, பாத்தியா'வை அப்படி எடுத்துக்கொண்டாயிற்று. தெருமுனைவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் அழுகையும் கேட்கவில்லை, சண்டையும் கேட்கவில்லை.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலி வாசலிலேயே கிடக்கிறது. அந்தப் பதிலைக் கேட்க உங்களால் முடியுமானால் போய் உட்காருங்கள்.