தொண்ணூறு நிமிடம்

ஏணியின் நாலாவது படியில் நின்று ஏழாம் எண் விளக்கின் மூடியைக் கழற்றியபோது, உள்ளே பேட்டரி உப்பிப்போய் இருந்தது. பல்வலிக்காரனின் கன்னம் போல ஒரு பக்கம் வீங்கி, ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. முதியோர் இல்லத்தின் எலக்ட்ரீஷியனான கரண்டக்கா அதை எடுத்துத் தோள்பையில் போட்டுக்கொண்டு, சின்ன நோட்டில் ‘7 – ஆறு நிமிடம்’ என்று எழுதினாள். ஒன்றாம் எண் நாலு நிமிடம் எரிந்தது. இரண்டாம் எண் ஒன்பது. மூன்றாம் எண் ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு அணைந்துவிட்டது. மின்சாரம் போனதும் இந்தப் பதினோரு விளக்குகளும் தாமாகவே எரிய வேண்டும், தொண்ணூறு நிமிடம் எரிய வேண்டும். மாடியில் இருக்கும் முப்பத்தொரு முதியவர்களைப் படி வழியாகக் கீழே இறக்க அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது கணக்கு. போன மாதம் மின்சாரம் போன சாயங்காலம், மாடியில் தங்கியிருந்த பாட்டு டீச்சர் விளக்குகள் அணைந்த இருட்டில் தனியாக இறங்கப் பார்த்தார். ஐந்தாவது படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அவருடைய கட்டிலில் இன்னும் மெத்தை சுருட்டியபடியே கிடக்கிறது.

அந்த முதியோர் இல்லம் திருச்சபையுடையது. அதன் செயலாளர் அவளுடைய சொந்தத் தாய்மாமா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், வயர் பிடிக்கத் தெரிந்த பொம்பளையை யார் வேலைக்கு வைப்பார்கள் என்று தெருவே சிரித்தபோது, “நான் வைக்கிறேன்” என்று கூட்டிக்கொண்டு வந்தவர். அந்த நன்றி அவளுக்கு உண்டு. அவர் சொல்லி இதுவரை அவள் மறுபேச்சுப் பேசியதில்லை.

அவர் அறை மேசையில், வீங்கிய பேட்டரிகளை வரிசையாக அடுக்கி வைத்தாள்.

“என்னம்மா இது, கருவாட்டுக் கடை மாதிரி?” என்றார் மாமா.

“எல்லாம் செத்துப்போச்சு மாமா. மூணு மாசம் முன்னாடி புதுசு பதினொண்ணு வந்துச்சே, நான்தானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மாட்டலாம்னு வந்தா ஸ்டோர்ல இல்ல. அடுத்த மாசம், அடுத்த மாசம்னீங்க. அது எங்க?”

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாளைக் காலையில பத்து மணிக்குத் தீயணைப்பு அதிகாரி வர்றார். பட்டனை அமுக்கிப் பார்ப்பார், எரியும். ஒரு நிமிஷத்துக்கு மேல யாரும் அண்ணாந்து நிக்க மாட்டாங்க. ராத்திரி பூரா சார்ஜ் போட்டு வை. அது போதும்.”

“அவருக்குப் போதும். டீச்சருக்குப் போதலையே.”

“வாய் நீளுது உனக்கு.”

“மாமா, ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல பத்துப் பொண்ணுங்க கதையை நீங்கதான் சொன்னீங்க. அஞ்சு பேர்கிட்ட எண்ணெய் இருந்துச்சு, அஞ்சு பேர்கிட்ட வெறும் விளக்கு இருந்துச்சுன்னு.”

“அது ஆத்துமாவைப் பத்தினது. இது பேட்டரி.”

“ஆத்துமா படியில இறங்காது மாமா. ஆளுதான் இறங்கணும்.”

மாமாவின் பார்வை ஒரு கணம் ஜன்னல் வழியாக மேலே போய்த் திரும்பியது. பன்னிரண்டு வருஷம் கூட இருந்தவளுக்கு அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

மொட்டை மாடியில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக ஒரு சிலுவை நின்றது. உள்ளே வெள்ளை விளக்குப் பட்டைகள். மூன்று மாதமாக, ஊர் முழுக்க இருட்டானாலும் அது மட்டும் அணையாமல் எரிந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார்கள். அவளும் பார்த்திருக்கிறாள், பெருமைப்பட்டும் இருக்கிறாள். வெளியாள் வைத்து மாட்டியது, ஜெனரேட்டரில் ஓடுகிறது என்று மாமா சொன்னதை நம்பியிருந்தாள். அதன் காலடியில் இருந்த தகரப் பெட்டியின் நாலு திருகாணிகளையும் கழற்றினாள். உள்ளே பதினோரு பேட்டரிகள், பொட்டு அழுக்கில்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் அவளே எழுதிய எண்.

பின்னாலேயே மூச்சிரைக்க மாமா வந்துவிட்டார்.

“தொடாதே. சொல்லிட்டேன்.”

“திருட்டுத்தனமா எடுக்கல மாமா. உங்க கண்ணு முன்னாடிதான் கழட்டறேன்.”

“உங்க அத்தையை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோனப்ப வெளிய நின்னு நேர்ந்துக்கிட்டேன். அவ உயிரோட வந்தா இந்தச் சிலுவை ஒரு நிமிஷம்கூட அணையாதுன்னு. வந்தாளா இல்லையா? சொல்லு, வந்தாளா இல்லையா?”

அவர் குரல் உடைந்தது. இந்த நேர்த்தி விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பசப்புக்காரனாக இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் போயிருப்பாள். அத்தை பிழைத்து வந்த நாளில் அவளும்தான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதாள். ஆனால் ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடும்போது அவள் மூடமாட்டாள். அத்தைக்கே அதில் மனக்குறை. ‘பாதி விசுவாசி’ என்பாள். எல்லாரும் கண்ணை மூடிவிட்டால் கூரையை யார் பார்ப்பது என்று அவளுக்கு. ஆண்டவர் எந்த நேரத்தில் வருவார் என்று சொல்லிவிட்டு வருகிறவர் இல்லை. நாளைக் காலை பத்து மணி என்று சொல்லிவிட்டு வருகிறவர் அதிகாரிதான். அவருக்கு ஒரு நிமிஷம் எரிய வைத்துவிட்டு, மற்றவருக்கு என்ன சொல்வது?

“நேர்ந்துக்கிட்டது நீங்க மாமா. பேட்டரி அவங்களோடது.”

“எடுத்தேன்னா நாளையிலேர்ந்து நீ இங்க வேலைக்கு வரவேண்டாம்.”

“சரி. இன்னைக்கு இருக்கேன்ல.”

முதல் ஒயரைக் கழற்றினாள்.

நாலரை மணிக்குள் பதினொன்றையும் விளக்குகளில் மாட்டி முடித்தாள். பட்டனை அமுக்கிப் பார்த்ததோடு விடவில்லை. மாடியில் யாருக்கும் மூச்சு மிஷின் ஓடவில்லை என்று அறை அறையாகப் பார்த்துக்கொண்டாள். அட்டெண்டர் அண்ணன்கள் இரண்டு பேரிடமும் விஷயத்தைச் சொன்னாள். “வேலை போயிடும்டி” என்றார் மூத்தவர். “எனக்கு ஏற்கெனவே போயிடுச்சுண்ணே, உங்களுதையும் நான் போகவைக்கலை. நான்தான் சொன்னேன்னு சொல்லிக்குங்க” என்றாள். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

ஐந்து நாற்பதுக்கு மெயின் ஃபியூஸ்கள் மூன்றையும் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். மின்விசிறிகள் மெல்ல நின்றன. மாடி வராந்தாவிலும் படியிலும் பதினோரு விளக்குகளும் ஒருசேர எரிந்தன. வெளிச்சம் பிரமாதமில்லை. முகம் தெரிந்தது, படி தெரிந்தது.

“கரண்டு, என்ன கூத்துடி இது?” கைத்தடியோடு முதலில் வெளியே வந்தவர் டைப்பிஸ்டம்மா. பாட்டு டீச்சரின் அறையில் மிச்சமிருப்பவர். எண்பத்து மூன்று வயது. பற்களைக் கழற்றி வைத்திருந்தாலும் வாய் மட்டும் மழுங்கவில்லை.

“ஒத்திகைம்மா. எல்லாரையும் கீழ இறக்கிப் பாக்கப்போறேன்.”

“நாளைக்கு ஆபீசர் முன்னாடிதானே இதெல்லாம்?”

“இல்லம்மா. அவருக்கு எதுவும் காட்டப்போறதில்ல.”

“அப்ப சரி. அந்தாளுக்கு இறங்கிக் காட்ட நான் என்ன சர்க்கஸ்காரியா? எனக்காகன்னா இறங்கறேன்.” கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் விழுந்த படியைக் கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத் தாண்டினார். அவர் இறங்கியதைப் பார்த்து மற்றவர்கள் அறைகளிலிருந்து வந்தார்கள். நடக்க முடியாத ஒன்பது பேரை அட்டெண்டர்கள் போர்வையில் கிடத்தி, நாலு முனையையும் பிடித்து இறக்கினார்கள். மூன்றாவது ஆளை இறக்கும்போது மூத்த அட்டெண்டரின் பிடி நழுவப் பார்த்தது. சமையற்காரம்மா ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கரண்டக்கா மற்றொரு முனையைப் பிடித்தாள். படி முழுக்க மூச்சும், செருப்புச் சத்தமும், “மெதுவா, மெதுவா”வும்.

செயலாளர் கீழே ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, படிக்கட்டின் அடிக்கு வந்து நின்றார். “ஃபியூஸைக் குடு” என்றார். அவள் நோட்டைப் பார்த்து, “அறுபத்து மூணாவது நிமிஷம் மாமா. இன்னும் இருபத்தேழு இருக்கு” என்றாள். அவர் நீட்டிய கையை இறக்கினார். மேலே படிகளில் நின்ற முகங்களை, ஒவ்வொன்றாக, முதன்முறை பார்க்கிறவர் போலப் பார்த்தார்.

எல்லாரும் வந்ததும் சேர்ந்து வெளியே போகலாம் என்று படியடியிலேயே காத்திருந்த டைப்பிஸ்டம்மா அப்போதுதான் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “கரண்டு, கதவு திறக்கலடி.”

படி முடிகிற இடத்தில், ஆபத்து நேரத்தில் வெளியே போவதற்கென்றே வைத்த இரும்புக் கதவு. போன வருஷம் நினைவு தப்பிய ஒருவர் அது வழியே ரோட்டுக்குப் போய்விட்டார் என்று அன்றைக்கே பூட்டியது. அதற்குப் பிறகு அதை யாரும் திறந்ததில்லை. விளக்கை எண்ணிக்கொண்டிருந்த கரண்டக்காவும் அதை நினைக்கவில்லை. அவளுக்கு முகம் சுருங்கியது. கதவின் முன்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. போர்வையைப் பிடித்திருந்தவர்கள் பாரத்தைக் கீழே வைக்க இடமில்லாமல் நின்றார்கள்.

“சாவி யார்கிட்ட?” என்று கேட்டாள்.

எல்லார் பார்வையும் ஒரே பக்கம் போனது.

மாமா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். முப்பது சாவியாவது இருக்கும், எதிலும் அடையாளம் இல்லை. முதல் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. இரண்டாவது நுழைந்தது, திரும்பவில்லை. மூன்றாவதை நுழைக்கும்போது அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை பூட்டின்மேல் விழுந்தது. “அவசரப்படாதீங்க சார், வெளிச்சம் இருக்கு” என்றார் டைப்பிஸ்டம்மா. நாலாவது சாவி. ஐந்தாவது. கதவுக்கு மேலே பதினோராம் எண் விளக்கு எரிந்துகொண்டிருக்க, அதன் கீழே அவருடைய விரல்கள் ஒவ்வொரு சாவியாகத் தேடிக்கொண்டே இருந்தன.