சம்பந்தியம்மாவின் சீர்ப்போர்வைகள்

என் சம்பந்தி ரௌஷானை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அவளுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. என்ன செய்வது, மறுநாள் என் பையன் ஓல்ஜாஸுக்கும் அவள் பெண் சௌலேவுக்கும் கல்யாணம். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஜீப்பில் உட்கார்ந்திருந்தோம். பெண்ணும் அவள் அண்ணன்மாரும் காலையிலேயே எங்கள் ஊருக்குக் கிளம்பிப் போயாகிவிட்டது. சீரை ஏற்றிக்கொண்டு, ஓல்ஜாஸ் வண்டி ஓட்ட, நாங்கள் மூவரும் பின்னால் வந்தோம்.

ஏன் தாமதம் என்று கேளுங்கள். இந்த மகராசி, ஆட்டுத்தலையை வைத்து விருந்து போடாமல் சம்பந்தி வீட்டாரை அனுப்பமாட்டாளாம். விருந்து முடிந்தால் டீ. டீ முடிந்தால் மறுபடியும் டீ. நெடுஞ்சாலைக்கு வந்து சேர்ந்தபோது தடுப்புக் கட்டையை இறக்கியிருந்தார்கள். பனிப்புயல் வருகிறது, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

"வருங்கால மாமியாரை லாரிக்காரங்க நடுவுல பெஞ்சுல படுக்க வைக்கவா? ஊரே காறித் துப்பும்மா," என்றான் ஓல்ஜாஸ். கட்டையைச் சுற்றிக்கொண்டு வயல் பாதையில் வண்டியை இறக்கினான். எங்கள் ஜனங்களுக்கு உயிரைவிட சம்பந்தி மரியாதை பெரிது.

பாதி வழியில் புயல் பிடித்துக்கொண்டது. பட்டப்பகல், ஆனால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவுமில்லை. வண்டி ஒரு பனிமேட்டில் மூக்கைக் குத்தி நின்றது. ஓல்ஜாஸ் அவசர உதவிக்குப் போன் போட்டான். காற்று அடங்காமல் பனி தள்ளும் வண்டி வராது, என்ன ஆனாலும் ஜீப்பை விட்டு இறங்காதீர்கள் என்று சொன்னார்கள். அதோடு போனும் செத்தது.

ஹீட்டர் ஓடினால்தான் உயிர். ஆனால் காற்று பனியை வாரி வாரி சைலன்சரை அடைத்தது. அடைத்த வண்டியை ஓட்டினால் புகை உள்ளே வரும், சுகமாகத் தூக்கம் வரும், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டோம். அதனால் ஓல்ஜாஸ் அடிக்கடி எஞ்சினை அணைத்துவிட்டு, மண்வெட்டியோடு இறங்கி, வண்டியைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போய்ப் பனியை வாரிவிட்டு வந்தான்.

அந்த நேரத்திலும் எனக்கு வாய் சும்மா இருந்ததா? பின்சீட்டில் என் பக்கத்தில் சீர்ப்போர்வைகளை வெள்ளைத் துணியில் கட்டுக் கட்டாக முடிந்து கூரைவரைக்கும் அடுக்கியிருந்தார்கள். எல்லாம் ஒட்டுத்துணி சேர்த்து, உள்ளே ஆட்டுரோமம் வைத்துத் தைத்தவை.

"ரோமம் கொஞ்சம் கம்மியோ சம்பந்தி? ஒண்ணைப் பிரிச்சுப் போத்திப் பாத்தா தெரிஞ்சுடும்," என்றேன்.

முன்சீட்டில் இருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொண்ணு வாழப்போற வீட்டுல பிரிக்கிற முடிச்சு அது. உங்க கை அதுல படவேண்டாம்."

"ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே இருங்க, தூக்கம் வராது," என்று சிரித்துக்கொண்டே மறுபடி இறங்கினான் ஓல்ஜாஸ். கதவு சாத்திக்கொண்டது.

அவன் திரும்பி வரவில்லை.

முதலில் கொஞ்சம் நேரமாகிறது என்று நினைத்தேன். பிறகு பின்கண்ணாடியைத் தட்டினேன். கத்தினேன். ரௌஷான் கையை நீட்டி ஹாரனை அழுத்தினாள். அந்தச் சத்தத்தைக் காற்று வாயிலேயே பிடுங்கிக்கொண்டு போனது. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. முன்னால் தாவிக் கதவைத் திறக்கப்போன என்னை ரௌஷான் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

"விடுடீ! எம்புள்ளை!"

"போ, ரெண்டு எட்டு வச்சா வண்டி எங்கேன்னு தெரியாது. அவனும் அப்படித்தான் போயிருக்கான். கயிறு எங்கே?"

வண்டி இழுக்கும் கயிறு பின்கதவுக்கு அந்தப் பக்கம். கதவோ உறைந்து இறுகிவிட்டது. ரௌஷான் ஒரு நொடி யோசித்தாள். பிறகு பின்னால் எட்டி, மேலே இருந்த போர்வைக் கட்டைத் தன் மடிக்கு இழுத்தாள். வெள்ளைத் துணியின் முடிச்சைப் பிரித்தாள். போர்வையின் அடித்துணியில் பல்லை வைத்து ஒரு கடி, பிறகு நீளவாக்கில் ஒரே கிழி.

"பாத்துக்கிட்டு இருக்கியே, கிழி! பட்டையா கிழி, ரெட்டை முடிச்சுப் போடு!"

என்னை 'நீ' என்றாள். நானும் கிழித்தேன். ரோமம் ஜீப் முழுக்கப் பறந்தது, மூக்கில் ஏறியது. கம்மியாவது, மண்ணாவது! அடிப்பாவி, அவ்வளவு அடைத்துத் தைத்திருக்கிறாள்.

"நான்தான் போவேன், நான்தான் பெத்தவ," என்றேன்.

"உன் முட்டியை வச்சுக்கிட்டா? வண்டியில ஏத்தவே ஆள் வேணும் உனக்கு. அவன் விழுந்து கெடந்தா தூக்குவியா?" சொல்லிக்கொண்டே கயிற்றைத் தன் இடுப்பில் கட்டினாள். மறுமுனையை நான் ஸ்டியரிங்கில் கட்டினேன். "ஒருதடவை இழுத்தா கயிறு விடு. ரெண்டுதடவை இழுத்தா உன் பலத்தையெல்லாம் போட்டு இழு."

கதவைத் திறந்தாள். குளிர் கன்னத்தில் அறைந்தது. அவள் காணாமல் போனாள்.

முழங்கையால் ஹாரனை அழுத்திக்கொண்டே கயிற்றை விட்டேன். அது வலப்பக்கம் போனது, இடப்பக்கம் போனது, தொய்ந்தது, மறுபடி விறைத்தது. ஒரு இழுப்பு. இன்னும் விட்டேன். மறுபடி ஒரு இழுப்பு. அவ்வளவுதான், கயிறு தீர்ந்தது. அப்போது இன்னொரு இழுப்பு.

ஐயோ, நான் எங்கே போவேன் கயிற்றுக்கு! கடைசிப் போர்வைக் கட்டுக்குள் சிவப்பு வெல்வெட் போர்வை இருந்தது, பொண்ணு மாப்பிள்ளைக்கென்று தைத்தது. அதன் அடித்துணியையும் பல்லால் கிழித்தேன். முடிச்சுப் போட விரல் மடங்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து அவிழ்த்த முனையை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். அந்தக் கயிறு என் பல்லிலிருந்து நழுவியிருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். புதுத்துண்டும் ஓடியது. பிறகு அசைவே இல்லை.

நான் சாமியைக் கும்பிட்டேனா, திட்டினேனா, ஞாபகமில்லை.

ஒரு இழுப்பு. உடனே இன்னொரு இழுப்பு.

காலை ஜீப்பின் படியில் ஊன்றி இழுத்தேன். முட்டியாவது கிட்டியாவது! உள்ளங்கை உரிந்தது. வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ரௌஷானின் தலை வந்தது. மண்டிபோட்டு, என் பையனைக் காலரைப் பிடித்து மூட்டையாக இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம். இமையெல்லாம் பனிக்கட்டி. தலையில் குல்லா இல்லை. விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன.

"ஓல்ஜாஸ்! டேய்!"

உதடு மட்டும் அசைந்தது. "குல்லா பறந்துச்சு... எட்டிப் பிடிக்கலாம்னு..."

நான் அவன் கையைத் தேய்க்கப் போனேன். "தேய்க்காதே, தோல் வந்துடும்," என்று ரௌஷான் தட்டிவிட்டாள். தன் கோட்டைத் திறந்தாள். மாப்பிள்ளை முன்னால் தலைத்துணி விலகாத அந்தப் பொம்பளை, அவன் இரண்டு கையையும் எடுத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டு, மேலே படுத்து, கிழிந்த போர்வையையெல்லாம் இழுத்து மூடினாள். "எஞ்சினைப் போடு, சூடு வேணும்."

"சைலன்சர் அடைச்சிருக்கு."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மண்வெட்டி எங்கோ பனிக்குள். நான் சீர்ப்பலகாரம் இருந்த தகரத்தட்டைக் கவிழ்த்தேன். கயிற்றை என் இடுப்பில் கட்டினேன். மறுமுனையை அவள் மணிக்கட்டில் சுற்றினேன்.

"விட்டுடாதே ரௌஷான்."

"போடீ, சீக்கிரம் வா."

வண்டியைத் தடவிக்கொண்டே போய், குனிந்து, தட்டால் வாரினேன். தட்டு வளைந்ததும் கையால் வாரினேன். குழாயின் வாய் தட்டுப்பட்டதும் அதற்கு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. கயிற்றைப் பிடித்துத் திரும்பி வந்து சாவியைத் திருகினேன். எஞ்சின் இருமியது, நின்றது, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது.

சூடு மெல்ல மெல்ல வந்தது. ஓல்ஜாஸ் பேசவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. ரௌஷான் அவன் காதில் மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அவன் காலை என் மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திடீரென்று அவன் உடம்பு துள்ளியது. தொண்டை கிழிய ஒரு கத்தல். "ஐயோ, கை! கை எரியுதும்மா! நெருப்பு வைக்கிற மாதிரி எரியுதே!"

உறைந்த விரலில் ரத்தம் திரும்பும்போது வரும் வலி. செத்த விரலுக்கு அது வராது.

"கத்துடா ராசா, நல்லாக் கத்து!" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ரௌஷான் அவன் கையை விடாமலே, ஈரமுகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டு, "கத்தறான் சம்பந்தி, கேக்குதா, கத்தறான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.