சிவப்புக் கோடு போட்ட வண்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரருக்கு வாயே கிடையாது. பழைய வண்டிகளை உடைத்து இரும்பு, அலுமினியம், செம்பு என்று பிரித்து விற்கிற எங்கள் யார்டில் பேரம் பேசுவது நான், எதை வெட்டுவது என்று கை காட்டுவது அவர். பிள்ளை போன பிறகு அந்தக் கையும் பாதிதான் அசைகிறது. அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார், கல்லுளிமங்கன்.

எங்கள் ஒரே பிள்ளை லாரியில் மோதிச் செத்தான். அவன் பைக்கை வழக்குக்காகப் போலீஸ் நிலையத்தின் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள். வழக்கு முடிகிறவரை தொடக்கூடாதாம். வெயிலும் மழையும் தின்றது போக மிச்சத்தை நான் மதில் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு வருவேன். கடைசியில் அங்கே கிடக்கிற மொத்தக் குவியலையும் ஏலம் விடப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது.

"அந்த வண்டி எனக்கு வேணும்" என்றேன்.

"துருப்பிடிச்சத வீட்ல வெச்சு என்ன பண்ணப்போற? அடைகாக்கவா?"

"பெத்தவ நான். கட்டிப் பிடிச்சு அழுவேன், உங்களுக்கென்ன? நீங்க கல்லா இருந்தா நானும் கல்லா இருக்கணுமா?"

வழக்கம்போல எழுந்து போய்விட்டார். ஆனால் ஏலத்துக்குப் போய் மொத்தக் குவியலையும் எடுத்துவிட்டார். ஒரு வண்டிக்காக இவ்வளவையும் வாங்கினோம் என்று தெரிந்தால் ஊர் சிரிக்குமாம். "யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் பேச்சைக் கேட்டு வாயை மூடினேன். அதுவும் இதற்கா மூடினேன், பாவி!

அன்று அவர் முதல் லோடை அனுப்பிவிட்டு, பாக்கியை ஏற்ற நிலையத்திலேயே நின்றார். "இந்த லோடுலதான் வருது" என்று போனில் சொன்னார். நான் வீட்டில் பீரோவை நகர்த்தி, ஜன்னலோரம் இடம் பண்ணிக்கொண்டிருந்தேன். லாரி வந்து சேர எப்படியும் மத்தியானமாகும் என்று நினைத்தேன். அது எனக்கு முன்னால் போய்விட்டது.

நான் யார்டுக்குள் நுழைந்தபோது சுருட்டை கேஸ் கட்டரை அணைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். வண்டி வெட்டுகிறவன், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். எங்கள் பிள்ளையைப் பார்த்ததே இல்லை.

"வாங்கக்கா. செவப்புக் கோடு போட்டதையெல்லாம் எறக்கினதுமே முடிச்சிட்டேன்."

ஆள் செத்த வண்டி என்றால் நிலையத்தில் டேங்க் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுத் தருவார்கள். எங்கள் யார்டில் அந்த வண்டிகளை நிற்க விடுவதில்லை. இறக்கியதும் முதல் வெட்டு அவற்றுக்குத்தான். பெற்றவர்கள் யாராவது தேடி வந்து பார்த்துவிட்டால் நெஞ்சு வெடித்துப்போகும் என்று என் வீட்டுக்காரர்தான் அந்த வழக்கத்தை வைத்தார். அப்போது எங்கள் பிள்ளை உயிரோடு இருந்தான்.

ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"அடேய், நாசமாப் போறவனே! அதுல கறுப்பு பைக் ஒண்ணு இருந்துச்சே, எங்கடா?"

"எல்லாமே துருதானேக்கா, எதைன்னு பாக்குறது? அண்ணன் சொன்ன மாதிரிதானே செஞ்சேன்? என்னக்கா ஆச்சு?"

"அது என் பிள்ளை வண்டிடா."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அவனை என்ன சொல்லித் திட்டுவது? குவியல் பக்கம் போனேன். எத்தனையோ வண்டிகளின் துண்டுகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு தொட்டே இது செம்பு, இது பித்தளை என்று சொல்லிவிடுகிறவள் நான். அன்று எதைத் தொட்டாலும் வெறும் இரும்பாகத்தான் இருந்தது. எதன்மேல் என் பிள்ளை உட்கார்ந்தான், எதன்மேல் வேறு யாரோ பெற்ற பிள்ளை உட்கார்ந்தான் என்று தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

அடுத்த லோடோடு அவர் வந்து இறங்கினார். என்னைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்து வெறும் கையால் கிளற ஆரம்பித்தார். வெட்டிய தகடு கிழித்து ரத்தம் வந்தது.

"விடுங்க, கையெல்லாம் போச்சு."

"இங்கதான் இருப்பான். தள்ளு, இங்கதான் இருப்பான்" என்றார்.

இந்த மனுஷனையா கல் என்று சொன்னேன்?

ரொம்ப நேரம் கழித்து அடியிலிருந்து ஒரு கிக்கரை இழுத்து எடுத்தார். காலால் உதைத்து வண்டியைக் கிளப்புகிற அந்தக் கம்பிதான்.

"இந்தா... இது அவனோடதுதானே?"

எங்கள் பிள்ளை வண்டிக்குக் கிக்கரே கிடையாது. பொத்தானை அமுக்கினால் கிளம்பும். காலமெல்லாம் வண்டி உடைத்த மனுஷனுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க, அவனோடதுதான்" என்றேன்.

அவர் அதைச் சட்டையால் துடைக்க ஆரம்பித்தார்.