மருதம்மாள் நிறுத்திய லைன்

நாலாவது லைனின் சத்தம் அடங்கியபோது சித்ரகலா மாடியில் கட்டிங் மேஜை அருகே நின்றிருந்தாள். கீழே ஆறு தையல் லைன்களும் சேர்ந்து ஓடும் இரைச்சலுக்குப் பதினாறு வருடம் பழகிய காது அவளுடையது. அதில் ஒன்று நின்றாலும் தெரிந்துவிடும். கரண்ட் போகவில்லை, நூலும் தீரவில்லை. பிறகு ஏன் என்று யோசித்தபடியே அவள் படியிறங்கி வருவதற்குள் மேனேஜர் அருள்செல்வன் அங்கே வந்துவிட்டிருந்தார். முப்பத்தெட்டு பேர் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் நடுவில் மருதம்மாள் ஒரு கையில் டீ ஷர்ட்டையும் மறு கையில் அதன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“லைனை யாரு நிறுத்தச் சொன்னது?” என்றார் அருள்செல்வன்.

“நானுங்க சார். பாடித் துணியும் ரிப்பும் ஒரே கலரா இல்லீங்க. இப்புடியே தெச்சா அத்தனையும் ரிஜெக்ட் ஆயிருமுங்க.”

“நீங்க டெய்லர்தானே? லைனை நிறுத்தறதுக்கு நீங்க யாரு?”

மருதம்மாள் சித்ரகலாவைப் பார்த்தாள். ஆறு லைன்களுக்கும் சூப்பர்வைசரான சித்ரகலா முன்னால் வந்தாள். “நான்தானுங்க சார் அந்த அதிகாரத்தக் குடுத்தன். இந்த மாசம் பூரா நாலாவது லைன் அவீங்க பொறுப்பு.”

மருதம்மாளுக்கு வயது நாற்பத்தாறு, சித்ரகலாவைவிட எட்டு வயது மூத்தவள். அவிநாசிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். வீரபாண்டியில் இருக்கும் இந்தப் பனியன் கம்பெனியில் பதினொரு வருடமாக ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். மூன்று வருடத்துக்கு முன்பு ஒருநாள் ஒடிசாவிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தியின் விரலில் ஊசி இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் கத்திக்கொண்டு எழுந்து ஓடினார்கள். மருதம்மாள் மட்டும் அவளிடம் போய்ச் சுவிட்சை அணைத்தாள். மெஷினின் சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே ஏற்றினாள். அந்தப் பெண்ணை ஒருத்தியோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். அந்த மெஷினில் உட்காரத் தெரிந்தவள் யாரென்று ஒரு நிமிடம் லைன் முழுவதும் பார்த்து, அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். அதையெல்லாம் செய்யும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. தூணுக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்த சித்ரகலா, அடுத்த வியாழக்கிழமையே அவளை மெஷினிலிருந்து எழுப்பி ஒரு மணி நேரம் தன்னோடு உட்காரவைத்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் அப்படித்தான். அளவுச் சீட்டைப் படிப்பது எப்படி, அதில் இருக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு என்ன அர்த்தம், முப்பத்தெட்டு பேருக்கு வேலையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது, ஒருத்தி தப்புச் செய்தால் நாலு பேருக்குக் கேட்காமல் எப்படிச் சொல்வது. மருதம்மாள் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டாள். ஆங்கில எழுத்துக்கே ஏழு மாதம் ஆனது. ஆனால் கற்றதை மறக்கவில்லை.

இப்போது தரம் பார்க்கும் குவாலிட்டிக்காரர்கள் வந்து துணி இரண்டையும் நிறம் பார்க்கும் லைட் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். இந்த அளவுக்கு நிற வித்தியாசம் இருக்கலாம் என்று வாங்குகிற கம்பெனி முன்பே மாதிரித் துண்டுகள் வெட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தது. ரிப்பின் நிறம் அந்த வரம்புக்குள்தான் இருந்தது.

லைன் நாற்பது நிமிடம் சும்மா நின்றுவிட்டது. சாயங்காலம் தூத்துக்குடிக்குப் போகவேண்டிய கண்டெய்னர் மறுநாள் விடிந்துதான் கிளம்பியது.

மருதம்மாள் செய்தது தப்புதான். அதில் சித்ரகலாவுக்குச் சந்தேகமில்லை. நிறுத்துவதற்கு முன் குவாலிட்டியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் மாதிரித் துண்டுகள் என்று ஒன்று இருப்பதையே மூன்று வருடத்தில் தான் அவளுக்குக் காட்டவில்லை என்பது, அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சித்ரகலாவைக் குடைந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அருள்செல்வன் ஒரு தாளை நீட்டினார். மருதம்மாள் பழையபடி மெஷினுக்குப் போக வேண்டும். வியாழக்கிழமைப் பயிற்சி இன்றோடு நிறுத்தப்படுகிறது. கீழே சித்ரகலாவின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“கோபத்துல செய்யலைங்க மேடம்” என்றார். அவர் குரல் தணிவாகத்தான் இருந்தது. “படிச்ச பசங்க ரெண்டு பேர் திங்கக்கிழமை ஜாயின் பண்றாங்க. முதல் நாளே லைனை எடுத்துக்குவாங்க. இவங்களுக்கு நாப்பத்தாறு வயசு. நீங்க சொல்லிக் குடுத்து முடிக்கறதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவாங்க.”

“அம்பத்தெட்டுக்கு இன்னும் பன்னெண்டு வருசம் கெடக்குதுங்க சார். உங்களுக்கு முன்னால இங்க நாலு மேனேஜருங்க இருந்தாங்க. நாலு பேரையும் சேத்தாக்கூடப் பன்னெண்டு வருசம் வராதுங்க.”

அருள்செல்வனின் முகம் மாறியது. “கையெழுத்துப் போடுங்க.”

“போடமாட்டனுங்க.”

மதியம் முதலாளி ஈஸ்வரமூர்த்தி கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அந்தத் தாள் இருந்தது. இருபத்திரண்டு வயதில் பிசிர்நூல் வெட்டும் வேலைக்கு வந்த சித்ரகலாவை அடையாளம் கண்டு, இரண்டு வருடம் சாயங்கால வகுப்புக்கு அனுப்பிப் படிக்கவைத்தவர் அவர்தான். அதை அவர் மறந்ததுமில்லை, மறக்கவிட்டதுமில்லை. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் சித்ரகலாவை வரச்சொல்லி, கூலியாக வந்தவள் இன்று ஆறு லைனைப் பார்க்கிறாள் என்று சொல்வார். அவர்கள் ஆச்சரியப்பட்டு அவளோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

“ஏனம்மிணி, ஒரு கையெழுத்துல என்ன வந்துருச்சு? அந்தப் புள்ளையோட சம்பளத்தையா கொறைக்கறோம்?”

“அவீங்க செஞ்சது தப்புதானுங்க மொதலாளி. இனி நிறுத்தறதுக்கு முன்னால கேக்கோணும்னு சொல்லிக் குடுக்கறன். எறக்கறதுக்குக் கையெழுத்துப் போடமாட்டனுங்க.”

“நான் உனக்குச் செஞ்சதயெல்லாம் நெனச்சுப் பாத்துட்டுப் பேசு.”

“நெனச்சுப் பாத்துத்தானுங்க பேசறன்.” அவள் மேஜைமேல் இருந்த தாளைச் சுட்டிக்காட்டினாள். “வேலை கத்துக்கிட்ட புதுசுல ரெண்டாயிரம் பீஸுக்கு சைஸ் லேபிள மாத்தி வெச்சுத் தெக்க உட்டன். ரெண்டு நாளு எல்லாரும் உக்காந்து பிரிச்சாங்க. நீங்க என்னைய மெஷினுக்கு அனுப்பலீங்க. அன்னிக்கு அனுப்பியிருந்தா, இன்னிக்கு இதுல கையெழுத்துக் கேக்கறதுக்கு ஆளே இருந்திருக்காதுங்க.”

“அது வேற காலம்.”

“விருந்தாளி வந்தா என்னையக் கூப்பிட்டு நிக்க வெக்கறீங்க. இத்தன வருசமா நான் ஒருத்தியேதான் வந்து நிக்கறன். ஒருத்தி போதும்னு நெனச்சுட்டீங்களாங்க?”

ஈஸ்வரமூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். தாளை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். “போ. திங்கக்கிழமை பாக்கலாம்” என்றார்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் அதே தாள் ஒட்டியிருந்தது. சித்ரகலாவின் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் அருள்செல்வனே கையெழுத்துப் போட்டிருந்தார். உற்பத்தி நேரத்தில் எந்தப் பயிற்சியும் கூடாது என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. நாலாவது லைனின் முன்னால், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஓர் இளைஞன் நின்றிருந்தான். மருதம்மாள் பழைய ஓவர்லாக் மெஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

டீ நேரத்தில் சித்ரகலா அவளிடம் போனாள். மருதம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“என்னால உனக்குத்தான், கண்ணு, கெட்ட பேரு. உட்டுரு. எனக்கு மெஷினே போதும்.”

“எனக்குப் போதாதுங்க்கா.”

மருதம்மாள் லைனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இளைஞன் எதற்கோ ஒரு பெண்ணை எல்லோர் முன்னாலும் சத்தம்போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். மருதம்மாள் சித்ரகலாவின் பக்கம் திரும்பினாள்.

“மாதிரித் துண்டுன்னு ஒண்ணு சொன்னாங்கல்ல. அத எங்க வெச்சிருக்கறாங்க?” என்றாள். “எனக்குக் காட்டு.”

அன்று மதியம் கேன்டீனில் சாப்பிட்டுக் கைகழுவியதும் சித்ரகலா மாதிரித் துண்டுகளின் அட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் பரப்பினாள். மருதம்மாளோடு, செக்கிங் பகுதியில் வேலை பார்க்கும் குப்பாயியும் வந்து உட்கார்ந்தாள். மறுநாள் ஆறு பேர் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் ஒடிசாப் பெண்கள் இருவர் தட்டோடு வந்து நின்று, தமிழும் இந்தியுமாகக் கேள்வி கேட்டார்கள். சித்ரகலா ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் மருதம்மாள் அதை இன்னும் எளிதாக, தன் பேச்சில் அவர்களுக்குத் திருப்பிச் சொன்னாள். வியாழக்கிழமை சித்ரகலா பேசவே வேண்டியிருக்கவில்லை. பின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை இருபது பேருக்குமேல் கூடியிருந்தபோது அருள்செல்வன் வாசலில் வந்து நின்றார். சிலர் தட்டை எடுத்துக்கொண்டு எழப்போனார்கள்.

“இங்க என்ன நடக்குது?”

சித்ரகலா எழுந்தாள். அதற்குள் மருதம்மாள் முந்திக்கொண்டாள்.

“சோத்து நேரமுங்க சார். இது எங்க நேரம். உக்காருங்க, எடமிருக்குது.”

அவர் உட்காரவுமில்லை, போகவுமில்லை. எழுந்தவர்கள் ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தார்கள். மருதம்மாள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சாக்பீஸை எடுத்து, கேன்டீனின் பச்சைச் சுவரில் ஒரு டீ ஷர்ட்டுக் கையின் வளைவைப் பெரிதாக வரையத் தொடங்கினாள். தோளிலிருந்து அக்குள் வரைக்கும் பாதிக்கோடு வந்திருந்தபோது சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது. வெளியே வராண்டாவில் மற்றவர்கள் மெஷினுக்கு ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. இங்கே ஒருவரும் அசையவில்லை. அவள் அவசரப்படாமல், கையை எடுக்காமல், கோட்டை அக்குளைச் சுற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் தூள் அவள் முழங்கை வரைக்கும் உதிர்ந்து படிந்துகொண்டிருந்தது.