மூன்று வருடச் சோப்பு

வடிப்பானின் தகடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவில் அப்பியிருந்த மஞ்சள் சாயக் களியை மரத் துடுப்பால் சுரண்டித் தொட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தான் அன்பரசு. ஆலையில் அந்தக் களிக்குக் 'கேக்கு' என்று பெயர். யார் வைத்தார்களோ, வாயில் வைத்துப் பார்க்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும். துணியைக் கட்டிக்கொண்டாலும் மூக்குக்குள் அதன் கசப்பு ஏறிவிடும்.

கடலூருக்குத் தெற்கே ஆற்றோரம் இருந்த அந்தச் சாய ஆலையில், யார் எந்தப் பிரிவு என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கையைப் பார்த்தால் போதும். சிவப்புப் பிரிவுக்காரன் ஆட்டை அறுத்துவிட்டு வந்தவன் மாதிரி இருப்பான். மஞ்சள் பிரிவுக்காரனுக்கு இரண்டு கையும் மணிக்கட்டு வரை நலங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

"கல்யாணமாயி பொண்ணு பெரிய கிளாஸ் போயிட்டா, இவனுக்கு இன்னும் நலங்கு கலையல பாரு" என்று பக்கத்து வடிப்பானில் நின்ற லூர்துசாமி தினமும் ஒருமுறையாவது சொல்லிவிடுவான். சொல்லும்போது அவன் கையும் மஞ்சளாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு ஆபீஸ் பக்கமிருந்து வைத்திலிங்கம் ஓடி வந்தார். சங்கத்தின் செயலாளர். ஓடுகிற வயசில்லை, ஓடுகிற உடம்புமில்லை. மூச்சு வாங்க நின்றவர் கையை மேலே தூக்கினார்.

"ஒத்துக்கிட்டான்டா! மூணு வருச அக்ரிமென்ட். கேட்டதுல முக்காவாசி ஏத்துறேன்னுட்டான். திங்கக்கெழம கையெழுத்து!"

எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. கறுப்பு பேட்ஜ் குத்தினார்கள், கேட்டில் நின்று கோஷம் போட்டார்கள், மத்தியானச் சோற்றை ஒருநாள் தொடாமல் திருப்பி எடுத்துப் போனார்கள். ஊர் உலகமெல்லாம் தொழில் மந்தம், எந்த முதலாளியும் பைசா ஏற்ற மாட்டான் என்று பேப்பர் எழுதிய 2009-ல் வைத்திலிங்கம் வாங்கிக் கொடுத்துவிட்டார். லூர்துசாமி அவரைத் தூக்கப் பார்த்து முடியாமல் கட்டிக்கொண்டான். அவருடைய வெள்ளைச் சட்டையில் பத்து மஞ்சள் விரல்கள் பதிந்தன.

அன்பரசும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அடுத்த தகட்டைப் பிரித்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. புதுச் சம்பளம் பத்தாயிரத்தைத் தாண்டும். தாண்டினால் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக் கார்டு கிடையாது. அந்தக் கார்டை வைத்துத்தான் அவன் மனைவி தமிழ்ச்செல்விக்கு வாரம் இரண்டு தடவை பாண்டிச்சேரியில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு அவள் உயிரோடு இருப்பது அதனால்தான். ஏறப்போகிற காசு ஒரே ஒரு தடவைக்குக் காணாது.

துடுப்பு கையில் அப்படியே நின்றது.

*

வீட்டுக்கு வந்து சொன்னதும் தமிழ்ச்செல்வி அரிந்துகொண்டிருந்த கத்திரிக்காயைக் கீழே வைத்தாள்.

"அவுங்ககிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. எட்டு மாசமா நாயா பேயா அலைஞ்சிருக்காங்க. ராஜ்கமல் தங்கச்சிக்கு மாப்பிள்ள பாத்து வச்சிருக்கான். நம்ம ஒருத்தருக்காவ அம்மாம் பேரு வாயில மண்ணப் போடக் கூடாது."

"அப்ப உனக்கு?"

"எனக்கு என்னா? வண்டி ஓடுற வரிக்கும் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி கத்திரிக்காயை எடுத்தாள். அவளுக்கு எப்போதும் ஒரே சீராக அரிய வரும். அன்று துண்டுகள் கோணலும் மாணலுமாக விழுந்தன.

மறுநாள் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் வைத்திலிங்கம் பேப்பரை விரித்துச் சத்தமாகப் படித்தார். அது அவர் வழக்கம். படிக்கத் தெரிந்தவனும் அவர் வாயால் கேட்டால்தான் அது செய்தி. ஈ.எஸ்.ஐ. சம்பள உச்சவரம்பை உயர்த்தலாமா என்று டெல்லியில் யோசிக்கிறார்கள், தொழிலாளியின் உடம்புதான் நாட்டின் முதல் சொத்து என்று ஒரு கட்சி சொல்கிறது, முதலில் பொருளாதாரம் எழுந்து நிற்கட்டும், இந்த நேரத்தில் ஆலைகள் மேல் பாரம் ஏற்றக் கூடாது என்று இன்னொரு தரப்பு சொல்கிறது, முடிவு தள்ளிப்போகிறது.

"ரெண்டாவது ஆளு சொல்றதுதான் கரெக்டு" என்றான் ராஜ்கமல். எல்லாரையும்விடச் சின்னவன், பேச்சில் மட்டும் பெரியவன். "கையில காசு இருந்தா வைத்தியம் தானா வரும். ஈ.எஸ்.ஐ.க்குப் போனா லைன்ல நிக்கணும். எனக்கு எதுக்கு அது? அந்தப் பிடித்தத்தயும் சேத்துக் குடுத்தா நான் பாத்துக்குவேன்."

"உனக்குக் காய்ச்ச வந்தா ஒரு மாத்திரை, தம்பி" என்றான் லூர்துசாமி. "எல்லாருக்கும் காய்ச்சலேவா வரும்?"

"வரும்போது பாத்துக்கலாம்யா. மொதல்ல சம்பளம்."

வைத்திலிங்கம் பேப்பரை மடித்தார். பாதி மடிப்பில் நிறுத்தி, டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்த அன்பரசைப் பார்த்தார்.

"டேய் அன்பு. புது சம்பளம் உனக்கு எவ்ளோ வருது?"

அன்பரசு டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"பத்தத் தாண்டுதா?"

"தாண்டும் மாமா."

"அடப்பாவி, ஏன்டா சொல்லல!"

ராஜ்கமல் எழுந்து காசு கொடுக்கப் போகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். தமிழ்ச்செல்வியை அவர்கள் எல்லாருக்கும் தெரியும். போன பொங்கலுக்குக் கரும்பு வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனவர்கள்தான்.

*

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் கூடினார்கள். அன்பரசு முதல் ஆளாக எழுந்தான்.

"என் பொண்டாட்டிக்காவ யாரும் சம்பளத்த விட வேணாம். அவளே வேணாம்னுட்டா. கையெழுத்துப் போடுங்க."

"நீ குந்து" என்றார் வைத்திலிங்கம். "நீ சொல்றத நீ சொல்லிட்ட. நாங்க சொல்றத நாங்க சொல்றோம்."

அவர்கள் சொன்னார்கள். ஒருவன் அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்க்கலாம் என்றான். அங்கே இருக்கிற மெஷினுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று இன்னொருவன் கேட்டான். அன்பரசுக்கு மட்டும் பழைய சம்பளமே இருக்கட்டும், நாம் எல்லாரும் மாதம் கொஞ்சம் போட்டுக் கொடுக்கலாம் என்றான் ஒருவன். "ரெண்டு மாசம் குடுப்ப. மூணாவது மாசம் அவன் எதுர்ல வந்தா வேற தெருவுல போவ" என்று பக்கத்திலிருந்தவன் சொன்னதும் யோசனை சொன்னவனே சிரித்துவிட்டான். ராஜ்கமல் மரத்தில் சாய்ந்தபடி தரையைப் பார்த்துப் பேசினான். "தங்கச்சி கல்யாணம் வச்சிருக்கேன். சம்பளமாத்தான் வேணும்னு சொல்லல. வச்சிருக்கேன், அவ்ளோதான்." யாரும் அவனைத் திட்டவில்லை.

அப்போதுதான் லூர்துசாமி வாயைத் திறந்தான். சாவு வீட்டிலும் சிரிக்க வைக்கிற வாய் அது.

"சம்பளத்துல ஏத்துனாத்தான கணக்கு? சோப்புல ஏத்தச் சொல்லுங்களேன்."

எல்லாரும் சிரித்தார்கள். வைத்திலிங்கம் சிரிக்கவில்லை.

சாயம் பட்ட சட்டையைத் துவைக்க ஆலை மாதாமாதம் கொஞ்சம் காசு கொடுக்கும். சலவைப்படி. சம்பளச் சீட்டில் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ போட்டிருக்கும். தொழிலாளிகள் வாயில் அது எந்தக் காலத்திலும் சோப்புதான். 'சோப்பு ஏறிச்சா?' 'சோப்ப எடுத்து சீட்டுக் கட்டிட்டேன்' என்றுதான் பேச்சு. அது ஈ.எஸ்.ஐ. கணக்குக்குள் வராது. சம்பளத்தில் ஏற வேண்டியது சோப்பில் ஏறினால், காசும் கைக்கு வரும், கார்டும் நிற்கும்.

"அடேய் லூர்து" என்றார் வைத்திலிங்கம். "நீ மனுசனே இல்லடா!"

ஒப்பந்தம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஒருத்தனுக்கு மட்டும் தனியாக எழுத முடியாது என்பதால் எல்லாரையும் கை தூக்கச் சொன்னார். சம்பளத்தில் ஏறினால்தான் பி.எஃப். ஏறும், போனஸ் ஏறும். சோப்பில் ஏறினால் இரண்டும் ஏறாது. அதையும் விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் தூக்கச் சொன்னார். மரத்தடியில் கைகள் எழுந்தன. மஞ்சள் கை, சிவப்புக் கை, பாய்லர்காரனின் கரிக் கை. ராஜ்கமல் கடைசியாகத் தூக்கினான்.

"தூக்கித் தொலைக்கிறேன்" என்றான்.

அன்பரசால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இவர்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே விரலிடுக்கு மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

*

திங்கட்கிழமை வைத்திலிங்கம் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்: 'சம்பள உயர்வுக்குப் பதிலாக அதே தொகைக்குச் சோப்பு உயர்த்தித் தர வேண்டும்.' மேனேஜர் ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். எட்டு மாதம் நிற்க வைத்தே பேசிய மனுசன். அன்றைக்கே ஒப்பந்தம் டைப் ஆகி, மூன்று வருடத்துக்குக் கையெழுத்தானது.

சம்பள நாளன்று கேட்டுக்குள் ஒரு மினி லாரி வந்து நின்றது. அட்டைப் பெட்டிகளை இறக்கினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அன்பரசு தன் பெட்டியைப் பிரித்தான். உள்ளே அடுக்கடுக்காகச் சோப்பு, துணி துவைக்கிற நீலச் சோப்பு.

வைத்திலிங்கம் பெட்டியோடு ஆபீசுக்குப் போனார்.

"நீங்க எழுதினதுதானே?" என்றார் மேனேஜர். பொய் சொல்லவில்லை; ஒப்பந்தத்தைத் திருப்பி அந்த வரியைக் காட்டினார். "காசா வேணும்னா சொல்லுங்க. பழையபடி சம்பளத்துலயே ஏத்திடுறோம். எனக்கு ஒண்ணும் ஆட்சேபண இல்ல."

வெளியே வந்து வைத்திலிங்கம் அதை அப்படியே சொன்னார். சொல்லிவிட்டு, "என் தப்புதான்டா. சலவைப்படின்னு எழுதாம வுட்டுட்டேன்" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சம்பளத்தில் ஏற்றிவிடலாம் என்று ஒரே ஒருவன் சொல்லியிருந்தால் போதும், முடிந்துபோயிருக்கும். அன்பரசு அதைத் தானே சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தான்.

அதற்குள் ராஜ்கமல் தன் பெட்டியைத் தூக்கிச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு கட்ட ஆரம்பித்திருந்தான்.

"என்னா பாக்கறீங்க? தங்கச்சிக்குச் சீர்ல சோப்பா வச்சு அனுப்புறேன். மாப்பிள்ள வூட்டுக்காரன் சுத்தமா இருக்கட்டும்."

லூர்துசாமிதான் முதலில் சிரித்தான். பிறகு ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கினார்கள்.

*

முதலில் மளிகைக் கடைகள் வாங்கின. பிறகு பாதி விலைக்குக் கேட்டன. பிறகு, "இன்னும் போன மாசத்துதே கெடக்குதுப்பா" என்று கையை விரித்தன. மேல்பட்டாம்பாக்கத்து மாமியார் வீட்டிலிருந்து கீரப்பாளையத்துச் சகலை வரைக்கும் எல்லார் வீட்டுப் பரணிலும் நீலச் சோப்பு ஏறியது. ராஜ்கமல் தங்கச்சி கல்யாணம் தள்ளிப்போய், கடன் வாங்கி நடந்தது.

அடுத்த வருடம் கோடையில் வைத்திலிங்கம் பேப்பரோடு ஓடி வந்தார். டெல்லியில் ஒருவழியாக முடிவெடுத்திருந்தார்கள். உச்சவரம்பு பதினைந்தாயிரம். இனி யார் சம்பளம் ஏறினாலும் அன்பரசின் கார்டுக்கு ஆபத்தில்லை. பேப்பரை நீட்டியபடியே, சோப்புக்குப் பதில் பழையபடி சம்பளத்திலேயே ஏற்றச் சொல்லி அவர் ஆபீசுக்குள் போனார்.

"ரொம்ப நல்ல விஷயம்" என்றார் மேனேஜர். "ஆனா அன்னிக்குக் கேட்டப்ப வேணாம்னுட்டீங்க; அக்ரிமென்ட் மூணு வருசத்துக்கு. இன்னும் ரெண்டு வருசம் இருக்கே? மந்தமும் இன்னும் முழுசாப் போகல."

*

ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் சாக்கு விரித்து உட்காருவார்கள். இந்த வாரம் நான்கு பேர் வீட்டுச் சோப்பு, அடுத்த வாரம் வேறு நான்கு பேருடையது. யார் முறையாக இருந்தாலும் அன்பரசும் தமிழ்ச்செல்வியும் வந்துவிடுவார்கள். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையை முந்தானையால் மூடிக்கொண்டு, கணக்குப் பார்த்துச் சில்லறை கொடுப்பது அவள் வேலை. நீ வராதே என்று வைத்திலிங்கம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்.

"எனக்காவ வந்த சோப்பு மாமா. நான் விக்காம வேற யாரு விப்பா?" என்பாள்.

அன்று மூட்டை குறையவேயில்லை. வெயில் ஏறிய பிறகு, கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் நின்றாள்.

"எவ்ளோப்பா?"

"கடையவிடப் பாதிதான்மா. எப்பேர்ப்பட்ட கறையும் போவும்" என்று அன்பரசு ஒரு கட்டியை நீட்டினான்.

அந்த அம்மாள் கட்டியைப் பார்க்கவில்லை. அவன் விரல்களைப் பார்த்தாள்.

"எல்லாக் கறையும் போவும்ங்கிற. மொதல்ல ஒங் கையக் கழுவிக் காட்டு, வாங்குறேன்."

வைத்திலிங்கம் ஏதோ சொல்ல வந்தார். அன்பரசு அதற்குள் காகிதத்தைப் பிரித்துவிட்டான். தமிழ்ச்செல்வி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் கையில் ஊற்றினாள். அவன் தேய்த்தான். நுரை நன்றாகத்தான் வந்தது, வெள்ளையாக, மணிக்கட்டு வரைக்கும். அந்த அம்மாள் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு காத்திருந்தாள். தமிழ்ச்செல்வி மீண்டும் ஊற்றினாள். நுரை வழிந்து சாக்கோரமாக ஓடியது.

கை மஞ்சளாகவே இருந்தது. அன்பரசு மறுபடியும் சோப்பை எடுத்தான்.