வளர்ச்சிக் கோடு

கம்ப்யூட்டரில் புத்தகப் பக்கத்தை லேஅவுட் செய்யும்போது வைக்கும் படம் உண்மையில் அந்தப் பக்கத்தில் இருப்பதில்லை. ஏதோ ஒரு ஃபோல்டரில் கிடக்கும். பக்கம் அதை எட்டிப் பார்க்கும். அதே பெயரில் வேறு படத்தைப் போட்டால் பக்கத்திலும் மாறிவிடும். பெயர் ஓர் எழுத்து பிசகினாலும் பழையதே நிற்கும்.

எங்கள் அச்சகத்தில் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை லேஅவுட் செய்துகொண்டிருந்தேன். விற்பனை வரைபடம் மட்டும் வந்து சேரவில்லை. பக்கம் காலியாக இருந்தால் எங்கள் முதலாளி குதிப்பார். நான் தற்காலிக ஆள். நிரந்தரமா, நடையைக் கட்டுவதா என்று இந்த வேலையைப் பார்த்துச் சொல்வதாக இருந்தார். அப்பாவின் சர்க்கரை அளவை மாதவாரியாகக் கோடு போட்டு அக்கா எனக்கு அனுப்பியிருந்தாள். எண்களை அழித்து, கம்பெனியின் பச்சை நிறத்தை ஏற்றி, ‘சேல்ஸ்’ என்று பெயர் வைத்து, இடம் பிடிக்க அதைப் போட்டேன். மேலே ‘தொடரும் வளர்ச்சி’ என்ற தலைப்பு ஏற்கெனவே இருந்தது.

அசல் வரைபடம் ‘சேல்ஸ் ஃபைனல் புதுசு’ என்ற பெயரில் வந்தது. அதே ஃபோல்டரில் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். கம்பெனியில் எல்லாரும் ப்ரூஃப் பார்த்து ஓகே சொன்னார்கள். ஏறும் கோட்டில் யார் குறை காண்பார்கள்?

அச்சான பிரதியைப் புரட்டியபோதுதான் அப்பாவைப் பார்த்தேன். ஆர்ட் பேப்பரில், பளபளவென்று.

முதலாளியிடம் சொன்னேன்.

“வாயைத் திறக்காதே,” என்றார். “யாராவது கேட்டா உன்னைக் கை காட்டிடுவேன்.”

கேட்க வந்தவர் அந்தக் கம்பெனியின் கணக்காளர். என் மேஜையில் புத்தகத்தை விரித்தார்.

“தம்பி, இது எந்தக் கம்பெனி?”

“கம்பெனி இல்ல சார். எங்க அப்பாவோட சுகர்.”

கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனார்.

“இப்படி ஏறுதே, மனுஷன் இருக்காரா?”

“இருக்கார் சார். மாத்திரை போடச் சொன்னா சண்டைக்கு வர்றார்.”

“இதைத் தலைகீழாத் திருப்பினா எங்களுது.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையமர்த்தினார்.

“மீட்டிங்ல கைதட்டுனாங்கப்பா. எங்க எம்.டி. சிரிச்சதை அன்னிக்குத்தான் பார்த்தேன். இப்ப லோன் குடுக்க பேங்க் கேக்குது. இந்த மாசம் வரைக்கும் சேர்த்து இதே கோடு வேணும்.”

“பொய் இல்லையா சார்?”

“லேப் ரிப்போர்ட் இருக்குல்ல? எங்ககிட்ட அதுகூடக் கிடையாது.”

போகும்போது முதலாளியிடம் என்னைப் புகழ்ந்துவிட்டுப் போனார். முதலாளி நேராக என்னிடம் வந்தார். “இதை ஒழுங்கா முடிச்சுக் குடு. நீ பர்மனெண்ட்.”

அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அந்தச் சுகர் கோடு, இந்த மாசத்தையும் சேர்த்து அனுப்புக்கா.”

“நானே கூப்பிடணும்னு இருந்தேன்டா! அப்பா ஒழுங்கா மாத்திரை போடுறார், நடக்கிறார். பாதிக்குப் பாதி இறங்கிடுச்சு!”

“ஐயோ,” என்றேன்.

“நல்ல சேதி சொன்னா என்னடா ஐயோ?”

“ஒண்ணுமில்ல. நீ அனுப்பு.”

கோடு வந்தது. கடைசிப் புள்ளி பள்ளத்தில் கிடந்தது. மவுஸால் பிடித்து மேலே இழுத்தேன். அளவாகத்தான் இழுத்தேன், பேங்க் நம்ப வேண்டுமே.