வெளிநாட்டு நம்பர்

"லாக்கு போட்டிருக்கு. இத எவன் போட்டது?" என்று சித்தப்பா மாரிக்கண்ணன் செல்போனை நீட்டினார். உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் இன்னும் நாலைந்து பேருக்குத் துட்டிச் சேதி சொல்லியாக வேண்டும். நம்பரெல்லாம் செத்துப்போனவரின் போனுக்குள் கிடந்தன.

"நான்தான் சித்தப்பா" என்று மாரிசெல்வி வாங்கி, விரலால் கோடு இழுத்துத் திறந்து கொடுத்தாள்.

நடுவீட்டில் அவள் அப்பா சங்கரசுப்புவைக் கிடத்தியிருந்தார்கள். முப்பது வருஷம் விசைத்தறிச் சத்தத்தில் நின்று காது மந்தமான மனுஷர். ஆனால் போன் அடித்தால் மட்டும் கேட்டுவிடும். எடுப்பதற்குள் நின்றுபோனால் உடனே திருப்பி அடிப்பார். "நம்மள நெனச்சு ஒருத்தன் மிஸ்டுகால் குடுத்திருக்கான். திருப்பிக் கூப்புடலைன்னா மரியாதையா?" என்பார். ஒருகாலத்தில் ஊரே மிஸ்டுகாலில் குடும்பம் நடத்தியதுதான். ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன், ரெண்டு ரிங் என்றால் கூப்பிடு. அந்தப் பழக்கத்தில், எந்தத் தீவிலிருந்தோ ஒரே ஒரு ரிங் விட்டு நிறுத்தும் திருட்டு நம்பருக்கெல்லாம் திருப்பி அடித்து, மூன்று தடவை பேலன்ஸைப் பறிகொடுத்தார். சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது, சங்கரசுப்பு போவார்.

செல்வி இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பவள். 'வெளிநாட்டு நம்பர் வந்தால் எடுக்காதீர்கள், திருப்பி அழைக்காதீர்கள்' என்று தன் கையாலேயே எழுதி அங்கே ஒட்டியிருக்கிறாள். ஊருக்குச் சொல்கிறவள் வீட்டை விடுவாளா? அப்பாவின் போனுக்கு லாக் போட்டாள். வருகிற அழைப்பை அவர் எடுக்கலாம், தானாக யாருக்கும் அடிக்க முடியாது. அவர் எங்கே இருக்கிறார் என்று தன் போனில் காட்டும்படியும் செய்துகொண்டாள்.

"நான் என்ன களவாணியாட்டி?" என்று கேட்டார்.

"களவாணிப்பய உங்களப் பிடிச்சிரக் கூடாதுன்னுதாம்ப்பா" என்றாள். அந்தப் பதிலில் அவளுக்கே கொஞ்சம் பெருமை.

நேற்றுக் காலையில் திருவேங்கடத்திலிருக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினார். பதினொன்றரைக்கு செல்வி போனில் பார்த்தபோது அப்பாவின் புள்ளி பஸ் ஸ்டாண்டிலேயே நின்றது. பன்னிரண்டுக்கும் அங்கேயேதான். டீக்கடையில் யாரிடமாவது வாயளந்துகொண்டிருப்பார், சாயங்காலம் வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தாள். இருக்கிற இடம் தெரிந்துவிட்டதால் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவில்லை.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. ப்ளஸ் போட்ட வெளிநாட்டு நம்பர். சாதிச் சான்றிதழுக்கு வந்து நின்ற ஒரு பெண்மணியிடம் காட்டி, "பாத்தீங்களா, இப்படித்தான் ஏமாத்துவானுவ" என்று பாடம் சொல்லிவிட்டு வெட்டினாள். மறுபடி அடித்தது, வெட்டினாள். மூன்றாவது தடவையும் வெட்டினாள். நாலாவது தடவை அந்த நம்பரையே ப்ளாக் செய்தாள். மூன்று மணிக்கு அரசு ஆஸ்பத்திரியிலிருந்து தெருக்காரர் ஒருவர் வந்து, சங்கரசுப்பு மாரடைப்பில் போய்விட்டார் என்று சொன்னார்.

பந்தலுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உள்ளே வந்தார்.

"கடையநல்லூர் மைதீன் பாட்சா" என்று சித்தப்பாவிடம் சொன்னார். "மஸ்கட்லேருந்து லீவுல வந்து நாலு நாளாகுது. நேத்து பஸ் ஸ்டாண்டுல இவுக பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நெஞ்ச அடைக்குன்னாக. நான்தான் ஆட்டோ புடிச்சுக் கொண்டுபோனேன்."

செல்வியின் அம்மா கோமதித்தாய் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏதும் சொன்னாகளா தம்பி?"

"அவுக போனத் தொறக்க முடியலம்மா. மக நம்பர மனப்பாடமாச் சொன்னாக. எம்பிள்ள எடுத்துருவா, ஒரு வார்த்த பேசிட்டாப் போதும்னாக."

கோமதித்தாய் மகள் பக்கம் திரும்பினாள். "ஒனக்குப் போன் வந்துச்சாட்டி?"

மைதீன் பாட்சா செல்வியைப் பார்த்தார். நாலு தடவை மணி போனதும் அவருக்குத் தெரியும், எதிர்முனையில் வெட்டியதும் தெரியும்.

"மஸ்கட் சிம்முல்லாம்மா" என்றார் கோமதித்தாயிடம். "நானும் அடிச்சு அடிச்சுப் பாத்தேன். லைனே கெடைக்கல."

முன்பின் தெரியாத மனுஷர் அவளுக்காக ஒரு சாவு வீட்டில் நின்று பொய் சொன்னார். அதற்கு அவள் முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவர் எழுந்தார். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லும் வழக்கம் கிடையாது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்.

செல்வி வாசலுக்கு ஓடினாள். வெட்டியது நான்தான் என்று அவரிடமாவது சொல்லிவிட வேண்டும். நாலாவது தடவைக்கு அப்புறம் அப்பா என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி அவள் தோளைப் பிடித்தாள்.

"ஏட்டி, துட்டிக்கு வந்தவுகளத் திரும்பக் கூப்புடக் கூடாது."

அது ஒன்றும் இறுக்கமான பிடி இல்லை. உதறிவிட்டு ஓடியிருக்கலாம். செல்வி நின்றுவிட்டாள். மைதீன் பாட்சா தெருமுனையில் திரும்பும்வரை நின்றுவிட்டு, உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டவர் கெடைக்கலைன்னா நீ என்னட்டி செய்வ?" என்றாள் கோமதித்தாய்.

"ஆமாம்மா" என்றாள் செல்வி.

கோமதித்தாய் முந்தானையை இழுத்து மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். செல்வி முகத்தை விலக்காமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே நீர்மாலை திரும்பி வருகிற கொட்டுச் சத்தம் கேட்டது.